வாளியில் புழு நெளிகிறதா? பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

வீட்டில் கம்போஸ்ட் போடத் தொடங்கும் குடும்பங்களுக்கு மூன்றாவது வாரம்தான் சோதனைக் காலம். முதல் வாரம் வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், வடிகட்டிய டீத்தூள் எல்லாம் உற்சாகமாக வாளிக்குள் விழும். இரண்டாவது வாரம் லேசாக ஒரு வாடை எட்டிப் பார்க்கும். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில், தட்டையாக, விரல் நுனி நீளத்துக்குப் புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்... குப்பையை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு என்னம்மா விளையாட்டு இது?" என்பார் மாமியார். "இன்னும் ரெண்டே வாரம் பொறுத்துக்கோங்க அத்தை" என்று மருமகள் கெஞ்சினாலும் எடுபடாது. அன்று சாயங்காலமே வாளியில் இருப்பதெல்லாம் தெருமுனைத் தொட்டிக்குப் போய்விடும். காலி வாளி மட்டும் பால்கனி மூலையில் துணி கிளிப் போடும் பாத்திரமாக மிஞ்சும்.

உண்மையில் அந்த வீட்டில் கம்போஸ்ட் மிக நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதைக் கைவிட்டது சரியான நேரத்துக்கு இரண்டு வாரம் முன்னால்!

அந்தச் சாம்பல் நிறப் புழு, 'பிளாக் சோல்ஜர் ஃப்ளை' எனப்படும் ஒரு வகை கறுப்பு ஈயின் குஞ்சுப் புழு. பெயரில் ஈ என்று இருந்தாலும், இது நம் சோற்றுத் தட்டில் உட்காரும் வீட்டு ஈ அல்ல. பார்ப்பதற்கு மெலிந்த குளவி போல இருக்கும். கடிக்காது, கொட்டாது. பெரிய ஈயாக வளர்ந்த பிறகு சாப்பாட்டின் பக்கமே அதிகம் வராது. சில நாட்கள் உயிரோடு இருந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடும். சாப்பிடும் வேலை முழுவதும் புழுப் பருவத்தில்தான். அழுகும் காய்கறியை அசுர வேகத்தில் தின்று கரைக்கும். இது குடியேறிய வாளியில் வீட்டு ஈ முட்டையிடுவதும் குறைந்துவிடும். கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக இதே புழுவைப் பண்ணை வைத்து வளர்த்து விற்கிறார்கள். நம் வீட்டில் இலவசமாக வந்து வேலை பார்க்கிறது. வளர்ந்து முடிந்ததும் கருத்துப்போய், காய்ந்த இடம் தேடித் தானே வாளியை விட்டு வெளியேறும். அந்த நாட்களில் வாளியை மாடியில் வைத்தால் மைனாக்கள் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வாளியில் இருப்பது மெல்லிய, வெள்ளை நிறப் புழுவாக இருந்து, கூடவே குடலைப் புரட்டும் நாற்றமும் வந்தால், அது வேறு கதை. வாளிக்குள் ஈரம் அதிகம், காற்று இல்லை என்று அர்த்தம்.

நாற்றத்துக்குக் காரணம் சருகுப் பஞ்சம்

கம்போஸ்ட் என்றதும் எல்லோரும் காய்கறித் தோலைத்தான் நினைக்கிறார்கள். அது பாதிதான். மட்கும் வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் ஏறக்குறைய 30 பங்கு தேவை. காய்கறித் தோலில் நைட்ரஜனும் தண்ணீரும் நிறைய. கார்பன் இருப்பது காய்ந்த பொருட்களில். சருகு, தென்னை நார்த்தூள், கிழித்த செய்தித்தாள், முட்டை வாங்கி வந்த அட்டை எல்லாம் அந்தக் கணக்கு. ஒரு கிண்ணம் தோல் போட்டால் ஒன்று முதல் இரண்டு கிண்ணம் சருகு போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தால் நாற்றப் பிரச்னையில் முக்கால்வாசி தீர்ந்தது.

சருகுக்கு எங்கே போவது? தெருவில்தான் இருக்கிறது. வேம்பும் புங்கையும் இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் ஒரு கோணிப்பை நிறைய அள்ளி வைத்தால், ஒரு வீட்டுக்குப் பல மாதங்களுக்குக் காணும். பெருக்கிக் குவித்துக் கொளுத்தப்படும் இலைதானே? புகையாவதற்குப் பதில் உரமாகட்டும். மரத்தூள் கிடைத்தால் சேர்க்கலாம். ஆனால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். பளபளக்கும் வண்ணத்தாளும் வேண்டாம்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு மட்டும் கசிந்தால் சரி. ஒழுகினால் சருகைக் கூட்டுங்கள். பொலபொலவென உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை குச்சியால் கிளறி விட்டால் உள்ளே காற்று போகும். தொடங்கும்போது ஒரு டம்ளர் புளித்த மோர், ஒரு கைப்பிடி தோட்டத்து மண் போதும். நூற்றுக்கணக்கில் காசு கொடுத்து 'ஸ்டார்ட்டர் பவுடர்' வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நம் பாட்டிகள் எருக்குழிக்கு எந்தப் பவுடரை வாங்கினார்கள்?

வாளிக்கு அடியிலும் பக்கவாட்டிலும் துளைகள் அவசியம். அடியில் ஒரு தட்டு வைத்தால் வடியும் சாறு தரையைக் கெடுக்காது. பெயின்ட் வாளி, உடைந்த பக்கெட், பழைய மண்பானை என எதுவும் ஆகும். இரண்டு வாளி இருப்பது நல்லது. ஒன்று நிரம்பி மட்கும்போது இன்னொன்றில் போட்டுக்கொண்டே வரலாம்.

முதல் ஆறு மாதம் மீன் கழிவு, கறி, எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. எலியும் பூனையும் தேடி வரும். மீந்த சாம்பாரைக் கொட்டுவதாக இருந்தால் வடிகட்டி, காய்களை மட்டும் போடலாம். பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளை ஒரு முறை அலசிப் போடாவிட்டால் எறும்புப் படை வந்துவிடும். தேங்காய் ஓடு, மாங்கொட்டை இரண்டும் ஒரு வருடம் ஆனாலும் அப்படியேதான் கிடக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாலும் மெதுவாகத்தான் கரையும். டீ பேக் பையைப் பிரித்துப் பாருங்கள். சிலவற்றில் வலை போல இருப்பது பிளாஸ்டிக்.

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு முதல் மூன்று மாதத்தில் உரம் தயாராகிவிடும். கறுத்து, உதிரியாகி, முதல் மழையில் கிளம்பும் மண்வாசம் அடித்தால் வேலை முடிந்தது. அந்த வாசம் மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர் வெளியிடுவது. சிறிய வாளி என்பதால் பெரிய எருக்குழி போல உள்ளே சூடேறாது. அதனால் விதைகள் சாகாமல் தப்பிவிடும். உரம் போட்ட தொட்டியில் கேட்காமலே தக்காளியும் பூசணியும் முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெருங்குடியில் பற்றிய தீ

'நம்ம வீட்டுக் குப்பை ஒரு கிலோ... அதை நிறுத்தினால் உலகம் மாறிவிடுமா?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். நியாயமான கேள்விதான்.

சென்னை நகரம் மட்டும் ஒரு நாளில் வெளியேற்றும் குப்பை 5,000 டன்னுக்கும் மேல். அதில் சரிபாதி அளவுக்கு மட்கும் குப்பை. வட சென்னையில் கொடுங்கையூரும் தெற்கில் பெருங்குடியும் பல பத்தாண்டுகளாக இந்தச் சுமையைத் தாங்கி வந்தவை. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி. 2022-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட அதே பள்ளிக்கரணை. அதே 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் கிடங்கில் தீப்பற்றியது. சில நாட்கள் புகைந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

காய்கறித் தோல் காற்றுப் படும் வாளியில் மட்கினால் உரம். அதே தோல் பாலித்தீன் பையில் முடிச்சுப் போடப்பட்டு, குப்பை மலையின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு. எரியக்கூடிய வாயு. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் வீரியமானது. பிறகு இரண்டு கிடங்குகளிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் 'பயோமைனிங்' வேலை தொடங்கப்பட்டது. பிரித்துப் போடாத குப்பையைப் பின்னால் ஒருவர் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அந்த 'ஒருவர்' கிடங்கில் மட்டும் இல்லை. தினமும் காலையில் நம் வாசலுக்கு வண்டி தள்ளி வருபவரும் அவர்தான். சாம்பாரில் ஊறிய டயப்பரையும், பிளேடு கிடக்கும் பையையும் கையால் பிரிப்பது அவர்தான். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. விதி வந்து இத்தனை வருடம் ஆகியும் எத்தனை வீடுகளில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன? மட்கும் குப்பை வாளிக்குப் போய்விட்டால் மீதி இருப்பது காய்ந்த குப்பை. அது நாறாது, ஒழுகாது, தினமும் கொடுக்க வேண்டிய அவசரமும் இல்லை. நாப்கினையும் டயப்பரையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுத்தால் போதும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் தினம் முக்கால் கிலோ என்று வைத்தாலும், வருடத்துக்கு 270 கிலோவுக்கு மேல் அந்த வண்டியில் ஏறாது.

மாடிக்கு எவ்வளவு பாரம்?

உரம் தயார். அடுத்து செடி. இங்கே ஆர்வக் கோளாறில் நடக்கும் தவறு, தோட்டத்து மண்ணை மூட்டை மூட்டையாக மாடியில் ஏற்றுவது. 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை ஒன்றில் சுமார் 22 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த மண் என்றால் 35 கிலோவைத் தாண்டும். அப்படி 40 பை வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை டன். ஒரு காரை மாடியில் நிறுத்தியது போல! பழைய கட்டடம் என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. எந்தக் கட்டடமாக இருந்தாலும் கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவருக்கும் பீமுக்கும் மேலே வருகிற மாதிரி வரிசையாக வைப்பதுதான் பாதுகாப்பு.

பாரத்தைக் குறைப்பது தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டி கட்டியாக வருவது. அதில் உப்பு இருக்கும் என்பதால் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் விதைத்துவிட்டு, 'விதை சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் நிறைய. நார்த்தூள் இரண்டு பங்கு, வீட்டு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. காய்கறிக்கு இது போதுமான கலவை.

தொட்டிகளைச் செங்கல் மீதோ ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். தளம் காயாமல் ஈரமாகவே கிடந்தால் கீழ்வீட்டு சீலிங்கில் பூத்துப்போன வெள்ளை தெரியத் தொடங்கும். வாடகை வீட்டில் மாடித்தோட்டம் ஹவுஸ் ஓனரோடு சண்டையில் முடிவது பெரும்பாலும் இதனால்தான்.

குரோ பேக் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் இரண்டு மூன்று வருடம் காய்ந்ததும் அது நூல் நூலாக உதிரும். அந்தத் துணுக்குகள் மண்ணிலேயே கலக்கும். அரிசிச் சாக்கும் அப்படித்தான். 'இயற்கைத் தோட்டம்' போடுவதற்காக ஐம்பது புது பிளாஸ்டிக் பைகளை ஆன்லைனில் வாங்குவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. மண் தொட்டி, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பெயின்ட் வாளி, பழைய டிரம் ஆகியவை நீண்ட நாள் உழைக்கும்.

முதல் முறை போடுபவர்கள் கீரையில் தொடங்குவது புத்திசாலித்தனம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் 25, 30 நாளில் கைக்கு வரும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டை ஊன்றினால் போதும். பிரண்டைக்குப் பராமரிப்பே தேவையில்லை. மிளகாய், கத்திரி, வெண்டை அடுத்த கட்டம். முட்டைக்கோஸ், காலிஃபிளவரெல்லாம் சமவெளியில் கார்த்திகை, மார்கழிக் குளிருக்கு மட்டும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மொத்தக் காய்கறியும் மாடியிலேயே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கீரை, கறிவேப்பிலை, புதினா, மிளகாய் நான்கையும் கடையில் வாங்குவது குறைந்தாலே அது பெரிய விஷயம்.

மாவுப்பூச்சியும் ஒரு சின்னக் குளவியும்

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியதும் மருந்துக் கடைக்கு ஓடும் பழக்கம் நமக்கு. தமிழ்நாட்டில் 2008-ல் நடந்ததை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த ஆண்டு கோவைப் பகுதியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளியில் தொடங்கி, மல்பெரி, மரவள்ளி எனப் பரவி, மேற்கு மாவட்டங்களில் விவசாயிகளையும் பட்டுப்புழு வளர்ப்பவர்களையும் ஒரு சேரச் சாய்த்தது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. உடம்பு மேல் மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து உள்ளே இறங்கவில்லை. நன்மை செய்யும் பூச்சிகள்தான் செத்தன. 2010-ல், அந்தப் பூச்சியின் இயற்கை எதிரிகளான மூன்று வகைக் குட்டிக் குளவிகளை பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். பரிசோதித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அதில் 'அசிரோபேகஸ்' என்ற வகை, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே காலி செய்தது. சில மாதங்களில் பப்பாளித் தோட்டங்கள் மீண்டன. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி, டப்பா டப்பாவாக அடித்த மருந்து செய்யாததைச் செய்தது.

மாடித்தோட்டத்திலும் இதே கணக்குதான். பூச்சி தெரிந்ததும் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அதிகம் பாதித்த கிளையை வெட்டி எடுங்கள். எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் அவற்றைப் பாதுகாக்கும், ஆடு மேய்ப்பது போல. எறும்பைத் தடுத்தால் பாதி வெற்றி. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் பூந்திக்கொட்டைக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். பொறிவண்டு தெரிந்தால் அந்தச் செடியை மட்டும் விட்டுவிடுங்கள். அசுவினியைத் தின்னத்தான் அது வந்திருக்கிறது.

எந்தத் தண்ணீர் செடிக்கு?

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் செடிக்குக் குடிநீரை ஊற்றுவது மனசுக்கு உறுத்தலான வேலை. அவசியமும் இல்லை.

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் அப்படியே செடிக்குப் போகலாம், அன்றைக்கே ஊற்றினால் வாடை வராது. ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது. கோடையில் ஓரிரவில் அரை வாளிக்குக் குறையாது. அதில் உப்பே கிடையாது. ஆர்.ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் அதற்கு நேர் எதிர், உப்பு செறிந்தது. தினமும் தொட்டிக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம். தனி வீடாக இருந்தால் குளித்த தண்ணீரைக் கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்பிவிடலாம். சோப்பு நீரைத் தாங்கக்கூடியவை அவை.

மழையை மறக்கக் கூடாது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். ஒன்றே கால் லட்சம் லிட்டருக்கு மேல்! 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழியைத்தான் யாரும் திறந்து பார்ப்பதில்லை. மாடித்தோட்டக்காரர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. தொட்டி மண்ணும் சருகும் அந்தக் குழாயின் வாயை அடைக்காமல் ஒரு வலை போட வேண்டும்.

தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகள் இன்னொரு தலைவலி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீராது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரியும். வாரம் ஒரு முறை தட்டைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி.

எலுமிச்சைத் தோல் வீணாக வேண்டாம்

சாறு பிழிந்த எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை மொத்தமாகக் கம்போஸ்ட்டில் கொட்டினால் புளிப்பு ஏறி வேலை மந்தமாகும். அதைத் தனியாகச் சேர்த்தால் 'பயோ என்சைம்' செய்யலாம். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலில், மேலே கால் பங்கு இடம் விட்டு மூடி, முதல் மாதம் தினமும் ஒரு முறை திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். மறந்தால் பாட்டில் வெடிக்கும். 90 நாளில் வடிகட்டினால் தரை துடைக்கவும் சிங்க் கழுவவும் நல்ல திரவம்.

வாட்ஸ்அப்பில் சொல்வது போல இது எல்லாக் கிருமியையும் கொல்லும் சஞ்சீவி அல்ல. நோயாளி இருக்கும் அறைக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. இன்னொன்று, இது அமிலம். பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பாட்டிலில் பெயரை எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

இப்போதே தொடங்க நினைப்பவர்கள், செடி வாங்குவதற்கு முன் வாளியில் துளை போடுங்கள். இன்று போடும் வெங்காயத் தோல் உரமாக மூன்று மாதம் ஆகும். சித்திரையில் தொடங்கினால் ஆடிப்பட்டத்துக்குக் கையில் உரம் இருக்கும். வழியில் மூன்றாவது வாரம் வரும். மூடியைத் திறக்கும் முன் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.